பாலன் குடிலில் நின்ற பொலிஸ்காரர்

ஒரு வருடம் யேசு பிறந்த நத்தாருக்கு எங்கள் வீட்டுப் பாலன் குடிலில் இடையன் இருக்கவில்லை. அவனுடைய இடத்தில் வெள்ளைக்காரன் காலத்துப் பொலிஸ்காரர் ஒருவர் நின்றார். அவரை அங்கே நிறுத்தியது நான்தான். அப்போது எனக்கு ஏழு வயது.

எல்லாம் சித்தப்பாவால் வந்தது. அப்பாவின் தம்பியான அவர் எங்கள் பட்டணத்து ஓர்ஸ் ஹில்லில் ஒரு கந்தோரில் வேலை செய்துகொண்டு எங்களோடு இருந்தார். கலியாணப் பேச்சை எடுத்தால் எழும்பிப் போய்விடுவார்; பொம்மைப் பேச்சை எடுத்தால் சோறு ஆறினாலும் எழும்பமாட்டார். அவருடைய பூட்டனார் துறைமுகத்தில் பொலிஸாக இருந்தாராம். சுவரில் படம் தொங்கியது: வட்டத் தொப்பி, முறுக்கின மீசை, கையில் குண்டாந்தடி, காலில் ஒன்றுமில்லை. அந்தக் காலத்துப் பொலிஸ்காரர்களைச் சின்னப் பொம்மைகளாக மேசையில் வரிசையாக நிறுத்த வேண்டும் என்பது சித்தப்பாவின் ஆசை. அப்படி ஒரு பொம்மையை எவரும் செய்து விற்கவில்லை. அதனால் கிடைக்கிற பொம்மைகளை வாங்கி, வெட்டி, சுரண்டி, ஒட்டிப் பொலிஸில் சேர்த்துக்கொண்டிருந்தார்.

ஆள் பிடிப்பதுதான் பெரும்பாடு. சனிக்கிழமைகளில் என்னையும் கூட்டிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குவார். பிளாஸ்டிக் ஆமிக்காரர்கள் தாராளமாகக் கிடைத்தார்கள். ஆனால் எல்லோரும் சப்பாத்துப் போட்டிருந்தார்கள். சப்பாத்தைச் சீவினால் பாதமும் சேர்ந்து போய்விடும். கலியாணக் கேக்கின் மேல் நிற்கிற மாப்பிள்ளை ஒருவர் கொஞ்ச நாள் இன்ஸ்பெக்டராக இருந்தார். பொம்பிளையைப் பிடித்திருந்த கை அந்தரத்தில் நின்றதால் அவரையும் வேலையிலிருந்து நிறுத்த வேண்டியதாயிற்று. "வெறுங்காலோட நிக்கிற ஆமிக்காரனுக்கு நான் எங்க போறது, தம்பி?" என்று சாமான் கடை நானா சிரித்தார்.

மார்கழி பிறந்ததும் அம்மா அலுமாரிக்கு மேலிருந்து குடில் பெட்டியை இறக்கி வைத்தார். சித்தப்பா சும்மா மூடியைத் திறந்து பார்த்தார். இடையன் வெறுங்காலோடு படுத்திருந்தான். அளவும் சரி, கையில் கோலும் இருந்தது. சித்தப்பாவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோசத்தை நான் கண்டதில்லை. கோலைத் தறித்துக் குண்டாந்தடி ஆக்கினார். அங்கியை முழங்காலோடு வெட்டி, நடுவில் பிளந்து களிசான் ஆக்கினார். தாடியைப் பிளேடால் சுரண்டி மீசையை மட்டும் விட்டார். மருந்துப் போத்தலின் ரப்பர் மூடி தொப்பியாயிற்று, அம்மாவின் நகப்பூச்சு சிவப்பு இடுப்புப் பட்டியாயிற்று. முகத்தில் மட்டும் அவர் கை வைக்கவில்லை. பாலனைக் கண்டு வாய் பிளந்த அதே முகம்.

அம்மாவுக்கு இந்தப் படையே பிடிக்காது. "அக்கா வாற அண்டைக்கு மேசைக்கு மேல துவாயைப் போட்டு மூடிவிடுங்கோ, தம்பி" என்றார்.

"அண்ணி, இது அந்தக் காலத்துப் பொலிஸ். ஆக்களே வேற."

"அக்காவுக்கு எல்லாம் ஒண்டுதான்."

பெரியம்மா குச்சவெளியில் தனியாக இருந்தார். அவருக்கு ஒரே மகன். சண்டைக் காலத்தில் விசாரிக்க வேண்டும் என்று சீருடையில் வந்தவர்கள் அந்த அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனார்கள், பிறகு அவர் வரவேயில்லை என்பதெல்லாம் நான் வளர்ந்த பிறகுதான் அறிந்தேன். அன்றைக்கு எனக்குச் சொன்னது, பெரியம்மாவுக்குப் பெயிண்ட் மணம் ஒத்துவராது என்பது மட்டும். அண்ணன் போனதிலிருந்து பெரியம்மா நத்தார் கொண்டாடியதில்லை. அம்மா கெஞ்சிக் கூத்தாடியதால் அந்த வருடம்தான் வரச் சம்மதித்திருந்தார்.

அவர் வருகிற அன்று காலையில் அம்மா குடிலைச் சோடித்துக்கொண்டிருந்தார். மூன்று ராசாக்கள் இருந்தார்கள், மாடு இருந்தது, ஆடுகள் இருந்தன, இடையனைக் காணவில்லை. "அக்கா வந்தோடன முழங்கால்ல இருந்து பார்க்கிறது இதைத்தான். இதில ஒரு குறை இருக்கக்கூடாது எண்டு பார்த்தன்" என்று அம்மா அழுகிற மாதிரிச் சொன்னார். சித்தப்பா கந்தோருக்குப் போய்விட்டார். நான் போய்த் துவாயைத் தூக்கினேன். பொலிஸ்காரரை எடுத்து மணந்து பார்த்தேன். பெயிண்ட் மணம் கொஞ்சமும் இல்லை. வேலை மாறினாலும் ஆள் அதே ஆள்தானே. அம்மா குசினிக்குள் நின்ற நேரம் பார்த்து ஆடுகளுக்குப் பக்கத்தில் அவரை நிறுத்தினேன். இடையனாக இருந்தபோது தொழுவத்தைப் பார்த்து நின்றவர். இப்போது பொலிஸ் ஆனபடியால் வாசல் பக்கம் பார்க்க வைத்தேன்.

பெரியம்மா பஸ்ஸால் இறங்கி வந்தார். பையைக் கதிரையில் வைத்துவிட்டு, அம்மா சொன்ன மாதிரியே குடிலுக்கு முன்னால் முழங்காலில் இருந்தார். சிலுவை போடப் போன கை நெற்றியிலேயே நின்றுவிட்டது. பொலிஸ்காரரைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் வெறுமையாகக் கிடந்த தொழுவத்தைப் பார்த்தார். கண்ணீர் வழிந்தது. தேத்தண்ணியோடு வந்த அம்மா, "ஐயோ, ஆர் இதை இதில வச்சது?" என்று பதறினார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மணமும் இல்லை, பிறகேன் அழுகிறார்? சட்டென்று பிடிபட்டது. பாலன் இல்லாத தொழுவத்தைக் கண்டு பயந்துவிட்டார். நத்தார் கொண்டாடாமல் விட்டதில் பெரியம்மாவுக்கு முறை மறந்துபோயிற்று.

"அழாதேங்கோ பெரியம்மா. பாலன் துலையேல்ல. நடுச்சாமப் பூசை முடியத்தான் வைக்கிறது. அலுமாரிக்குள்ள பத்திரமா இருக்கிறார்."

ஓடிப்போய், அம்மாவின் சீலைகளுக்குள் பஞ்சில் சுற்றியிருந்த பாலனை எடுத்து வந்து பெரியம்மாவின் உள்ளங்கையில் வைத்தேன். அவர் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொழுவத்தில் கிடத்தினார். அந்த வருடம் எங்கள் வீட்டில் பாலன் நத்தாருக்கு முந்தியே பிறந்துவிட்டார். அம்மா பொலிஸ்காரரை எடுக்கக் கையை நீட்டினார். பெரியம்மா அந்தக் கையைப் பிடித்தார்.

"விடு. நிக்கட்டும்."

பிறகு அவரே பொலிஸ்காரரைத் தொழுவத்தின் பக்கம் திருப்பி வைத்தார். பின்னேரம் வந்த சித்தப்பா குடிலைப் பார்த்தார், பெரியம்மாவைப் பார்த்தார், போய் மிச்சப் படையைப் பெட்டிக்குள் போட்டுக் கட்டினார்.

பெரியம்மா நத்தார் முடியும்வரை எங்களோடு நின்றார். காலையில் நான் பொலிஸ்காரரை வாசல் பக்கம் திருப்புவேன். குளித்துவிட்டு வந்து பார்த்தால் அவர் மறுபடியும் பாலனைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கடைசியில் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"பெரியம்மா, காவல் நிக்கிற ஆள் வெளியிலதானே பார்க்கோணும்?"

"இல்லை மகள். அவர் பிள்ளையின்ர முகத்தை வடிவாப் பார்க்கட்டும்."

சரி என்று தலையாட்டினேன். ஆனால் கள்ளன் பின்பக்கமாக வந்தால் யார் பிடிப்பது என்று எனக்கு ஒரே கவலை. பெரியம்மா பார்க்காத நேரத்தில் ஒரு ஆட்டை எடுத்து வாசல் பக்கம் திருப்பி வைத்தேன்.