தட்டில் வந்த ஊறுகாய்

என் கணவருக்குப் பார்க்கின்சன் நோய். ஒரகடம் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருக்கிறார். ஒருநாள் காலை கட்டிலை விட்டு எழுந்தவர், கண் இருட்டிச் சரிந்துவிட்டார். படுக்க வைத்து பி.பி. பார்த்தேன். எக்கச்சக்கம்! அதனால்தான் மயக்கம் என்று, ஏற்கனவே குறைத்திருந்த உப்பை அறவே நிறுத்தினேன். தலைசுற்றல் இன்னும் கூடியது.

தண்டலம் ஆஸ்பத்திரியில் டாக்டர் அவரைப் படுக்க வைத்தும் நிற்க வைத்தும் பி.பி. பார்த்தார். நர்ஸ் அவரை வெளியே அழைத்துப்போன பிறகு என்னிடம் சொன்னார்:

“படுத்தா ஏறுது, நின்னா சட்டுனு இறங்கிடுதும்மா. அதான் மயக்கம். இந்த நோயில அப்படி ஆகும். பி.பி. மாத்திரை வேணாம். தண்ணி நிறைய குடுங்க. உப்பு, ஊறுகாய் எல்லாம் குடுங்க. மெதுவா உட்கார்ந்து எழுந்திருக்கட்டும்.”

ஏறுவதை நம்புவதா, இறங்குவதை நம்புவதா? பஸ்ஸில் வழியெல்லாம் அதே குழப்பம்.

மத்தியானம் மோர்ச்சோற்றோடு மாங்காய் ஊறுகாய் வைத்தேன். அவர் தட்டையே பார்த்தார்.

“இன்னாடி, டாக்டர் கைய விரிச்சிட்டாரா?”

“ஐயோ, இதாங்க மருந்து!” என்றேன். சொன்ன எனக்கே நம்பிக்கை வரவில்லை.

இப்போதெல்லாம் அவர் விழுவதில்லை. ஆனாலும் ஊறுகாய் ஜாடியைத் திறக்கும்போது என் கைதான் நடுங்குகிறது.