பிரிக்கக் கூடாத பார்சல்

எனக்குச் சந்தேக புத்தி உண்டு. ஒரு வெள்ளைக்காரியிடமிருந்து ஒட்டிக்கொண்டது என்று வீட்டுக்காரரிடம் சொன்னால், "செத்துப்போனவ மேல பழியப் போடாத" என்பார்.

அவள் விக்டோரியா ராணி காலத்தவள். லண்டனில் ஒரு நூலகத்தில் உட்கார்ந்து, பழைய ஆங்கிலக் கவிதைச் சுவடிகளை எழுத்தெழுத்தாகப் படியெடுத்துப் பதிப்பித்தவள். அட்டையில் மட்டும் தன் பெயரைப் போடவில்லை. பெண் செய்த வேலை என்று தெரிந்தால் பண்டிதர்கள் தொடக்கூட மாட்டார்கள் என்ற பயம். பிற்பாடு ஒரு கனவான் முன்னுரை எழுதினார். நூலகப் பட்டியலில் அவர் பெயரே ஏறிவிட்டது. அவள் குறிப்பேடுகளையும் அவர்தான் அமுக்கியிருப்பார் என்று எனக்குச் சந்தேகம். நிரூபிக்க முடியவில்லை. பாவி மனுஷன்!

அவளைப் பற்றித்தான் என் முனைவர் பட்ட ஆய்வேடு. துபாய்ப் பக்கத்து அஜ்மானில் சமையலுக்கும் பிள்ளைகளின் ஸ்கூல் பஸ்ஸுக்கும் நடுவில் ஏழு வருஷம் எழுதினேன். பல்கலைக்கழகம் கொடுத்த கடைசி நீட்டிப்பு அந்தத் திங்கட்கிழமையோடு முடிந்தது. அன்றைக்கு மதுரையில் போய்ச் சேராவிட்டால் ஏழு வருஷமும் குப்பை.

மெயிலில் அனுப்பினால் தங்கை அங்கேயே அச்சடித்துக் கொடுத்திருப்பாள். ஆனால் அச்சுக்கடைக் கம்ப்யூட்டரில் அது தங்கிவிடுமே? போன வருஷம் என் நெறியாளர் ஒரு கருத்தரங்கில் என் வாதத்தைத் தன்னுடையது போலப் பேசினாராம். தோழி ஒருத்தி சொன்னாள். உண்மையோ பொய்யோ, அன்றிலிருந்து கூரியர்காரனைப் பார்த்தால்கூட எனக்குத் திருடன் மாதிரிதான் தெரிந்தது.

எங்கள் கட்டடத்தின் கீழே மளிகைக்கடை வைத்திருக்கும் பாய் சனிக்கிழமை லீவில் ஊருக்குப் போகிறார் என்று தெரிந்தது. ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்துக்காரர்; மதுரையில்தான் இறங்குவார். இங்கே எல்லாரும் ஊருக்குப் போகிறவர் கையில்தான் சாமான் கொடுத்தனுப்புவார்கள். அச்சடித்த தாள்களைக் கட்டி, நாலு சுற்று டேப் ஒட்டி, 'பிரிக்கக் கூடாது' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். அதற்கு முன்னால் பெயரும் தலைப்பும் உள்ள முதல் தாளை மட்டும் உருவிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். அந்த ஒரு தாளைத் தங்கைக்கு மெயிலில் அனுப்பினால் போதும்; நடுவில் எவன் பிரித்தாலும் யாருடையது என்று தெரியாதே! என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டு வெள்ளிக்கிழமை கடையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் பாய் போன் செய்தார். "தங்கச்சி, கொஞ்சம் கீழ வாங்க."

போனேன். பார்சல் கல்லாமேல் கிடந்தது.

"கோவிச்சுக்காதீங்க. ஒட்டுன பார்சல் நான் எடுத்துட்டுப் போறதில்ல. எல்லாரும் திறந்துதான் தருவாங்க, நான் பாத்துட்டுக் கட்டுவேன். நீங்க என்னடான்னா பிரிக்கக் கூடாதுன்னு எழுதியே வச்சிருக்கீங்க. ஏர்போர்ட்ல புடிச்சா கம்பி எண்ணப்போறது நாந்தானே?"

"வெறும் பேப்பர்தான் பாய்."

"மடியில கனமில்லேன்னா வழியில என்ன பயம்? பிரிங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னையா சந்தேகப்படுகிறார்? ஆனால் நாலு மணிக்கு அவர் ஏர்போர்ட் கிளம்ப வேண்டும். எனக்கு வேறு ஆள் கிடையாது. கத்தி வாங்கி அறுத்தேன். அவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். நான் கண்கொத்திப் பாம்பாக அவர் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"யாரு எழுதுனது இது?"

"நான்தான்."

"உங்க பேரு எங்க?"

உருவி வைத்திருப்பதையும், ஏன் உருவினேன் என்பதையும் சொன்னேன். பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி இது! பேரே இல்லாத சாமான எவனும் என்னுதுன்னு சொல்லிடலாமே?"

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அந்த வெள்ளைக்காரி பெயர் போடாமல் விட்டதற்காக ஒரு அத்தியாயம் முழுக்க அவளைக் கடிந்திருந்தேன். அதே வேலையை நானும் செய்து, மேலே டேப் வேறு ஒட்டியிருக்கிறேன். வெட்கமாகப் போயிற்று.

கட்டு திங்கட்கிழமை காலையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டது, அது கிடக்கட்டும். அந்தச் சனிக்கிழமை கடையிலேயே கைப்பையைத் திறந்து அந்தத் தாளை எடுத்துக் கொடுத்தேன். பாய் அதைக் கட்டின் மேலே வைத்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றி, இனிஷியலோடு என் முழுப் பெயரையும் சத்தமாக வாசித்தார். கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"பதினோரு வருஷமா மூணாவது மாடிப் பையனோட அம்மான்னு எழுதித்தான் சாமான் அனுப்புறேன்," என்றார் பாய். "இதுவா உங்க பேரு?"