பௌர்ணமி அன்னிக்கு எட்டாங்கிளாஸ்

பிள்ளைங்களுக்கு எதிர்கால வேலைய பத்தி சொல்லிக் குடுங்கன்னு எங்க ஹெட்மாஸ்டர் என்கிட்ட ஒரு போஸ்டரக் குடுத்தார். டாக்டர், இன்ஜினியர், போலீஸ், கலெக்டர்னு நாலு படம். செவுத்துல ஒட்டி, போட்டோ எடுத்து, குரூப்ல போட்டா வேலை முடிஞ்சுதாம். எனக்கு வந்துச்சே எரிச்சல்! எட்டாங்கிளாஸ்ல ஒருத்தி எழுந்து, ஊசி போட்ட டாக்டரத் தவிர இதுல யாரையும் நான் பக்கத்துல பாத்ததே இல்ல டீச்சர்னா.

அவ அப்பா கிரிவலப் பாதையில, எங்க ஸ்கூலுக்கு எதிர்லயே கரும்பு ஜூஸ் கடை வெச்சிருக்கார். எட்டாவதோட போதும், கடையில நிக்கட்டும்னு முடிவே பண்ணிட்டார். நல்லாப் படிக்கிறா உங்க பொண்ணுன்னு நானும் சொல்லிப் பாத்தேன். பொம்பளப்புள்ளைக்கு இதுவே ஜாஸ்திங்க டீச்சர்னு மெஷின்ல கரும்ப உட்டுக்கிட்டே சொன்னார்.

அந்தப் பௌர்ணமி சாயந்திரம் எட்டாங்கிளாஸ் மொத்தத்தையும் ஸ்கூல் வாசல்ல தண்ணிக் குடத்தோட நிக்க வெச்சேன். உலகத்துல இருக்கற அத்தனை வேலை பாக்கறவங்களும் கிரிவலம்னு செருப்புகூட இல்லாம நம்ம வாசல் வழியாவே நடந்து போறாங்க, அப்புறம் போஸ்டர் எதுக்கு? தண்ணி குடுங்க, என்ன வேலை செய்யறீங்க, எப்படி அதுக்குப் போனீங்கன்னு கேளுங்கன்னேன். செயற்கைக் கால் செய்யறவர் வந்தார். ஆத்துப் பாலத்துத் தூணுக்கு அடியில முங்கி விரிசல் பாக்கறவர் வந்தார். பிள்ளைங்க வாயப் பொளந்துட்டு கேட்டுதுங்க. ஹெட்மாஸ்டர் ஓடி வந்து, ரோட்டுல நிக்க வெச்சு ஸ்கூல் மானத்த வாங்கறீங்களேன்னு கத்தினார். நான் நகரல.

அவ மட்டும் எதிர்ல ஓடிப்போய், அப்பா கடையில ஜூஸ் குடிச்சிட்டிருந்த ஒரு அம்மாகிட்ட கேட்டா. நானும் பின்னாடியே போனேன். கூட்ஸ் ரயில் ஓட்டறேன்னாங்க அந்தம்மா. பத்தாவது முடிச்சு, ஐ.டி.ஐ. படிச்சு, பரிட்சை எழுதிப் போனாங்களாம். அவ அப்பாவுக்குச் சிரிப்பு வந்துடுச்சு.

"உங்கப்பா எப்படிம்மா உட்டாரு?"

"உடல. போயிட்டேன்."

டம்ளர வெச்சிட்டு அவங்க பாட்டுக்கு நடந்துட்டாங்க. அவர் சிரிப்பு நின்னு போச்சு.

பரிட்சை முடிஞ்சதும், டவுன் ஸ்கூல்ல ஒம்பதாவது சேர டி.சி. வேணும்னு அவ தனியா வந்து நின்னா. அப்பா கையெழுத்து வேணும்னு ஹெட்மாஸ்டர் கடைக்கு ஆள் அனுப்பினார். கோவமாத்தான் வந்தார் மனுஷன். எல்லாம் இவங்க பண்ண வேலைன்னு ஹெட்மாஸ்டர் என்னைக் கை காட்டினார். போச்சு, பொண்ண இழுத்துட்டுப் போயிடுவார்னு நெனச்சேன். அவ அழல, கத்தல.

"நீ உடலன்னாலும் போவேன்பா."

அவர் ஈரக் கைய வேட்டியில தொடச்சுக்கிட்டார். அப்புறம் கையெழுத்து எங்கங்க போடணும்னு கேட்டார்.

அவங்க கெளம்பினதும் ஹெட்மாஸ்டர் பக்கம் திரும்பினேன். ஸ்கூல் தொறந்து வர்ற மொத பௌர்ணமிக்கு, புது எட்டாங்கிளாஸையும் வாசல்ல நிக்க வெக்கப் போறேன்னு சொன்னேன். கேக்கல, சொன்னேன்.