ஏ பிளஸ் பிளஸும் நம்பர் ஒன்னும்

நான் படித்த அரசுப் பல்கலைக்கழகம் தேசியத் தரவரிசையில் போன வருடத்தைவிடச் சில இடங்கள் முன்னேறியிருந்தது. என் தங்கைக்கும் அங்கேயே எம்.எஸ்சி. வேதியியலில் இடம் கிடைத்திருந்தது. வியாழக்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். அப்பா இன்னும் சரி என்று சொல்லவில்லை. எங்கள் ஊர் திண்டிவனத்தை அடுத்த வல்லத்துக்குப் பக்கம். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். சென்னையில் பெண்பிள்ளை விடுதியில் தங்குவது என்பது அவருக்கு எங்கும் பார்த்திராத விஷயம்.

தரவரிசையைச் சொன்னால் மனம் மாறுவார் என்று நம்பினேன். அன்று சாயங்காலம் களத்தில் காய்ந்த வேர்க்கடலையை, எங்கள் பக்கத்து மல்லாட்டையை, அள்ளிக் கோணியில் கட்டிக்கொண்டிருந்தோம்.

"நம்பர் போன வருசத்த விட கொறைஞ்சிருக்குப்பா."

"கொறைஞ்சி போச்சா?" அப்பாவின் கை நின்றுவிட்டது.

"கொறைஞ்சாதாம்பா நல்லது. ஒண்ணாவதுதான் ஒசத்தி."

"கொறைஞ்சா நல்லதாம்! மெட்ராஸ்ல படிச்சா இப்டித்தான் ஆவும் மாமா," என்றார் கோணியின் வாயைப் பிடித்திருந்த என் தாய்மாமா. திண்டிவனத்துக்குப் பக்கத்திலுள்ள ஒரு தனியார் கல்லூரியில் தங்கையைச் சேர்க்க வேண்டும் என்பது அவர் கட்சி. அந்தக் கல்லூரி பஸ் எங்கள் தெருமுனைக்கே வரும். முதுகில் பெரிதாக 'நம்பர் 1' என்று எழுதியிருக்கும்.

"அது அவங்களே எழுதிக்கினது மாமா. இது டெல்லில கவர்மெண்ட்டு போடறது. இதுல அந்தக் காலேஜ் பேரே இல்ல."

"நம்பர் ஒன்னா இருக்கறவன் எதுக்குடா கியூவுல வந்து நிக்கறான்?"

நான் பேச்சை மாற்றினேன். அங்கீகாரக் குழு நேரில் வந்து பார்த்துக் கொடுத்த தரத்தைச் சொன்னேன். ஏ பிளஸ் பிளஸ்.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "எனக்குக்கூட ஏ பிளஸ்தான். நீ பொறந்தப்ப ஆஸ்பத்திரில சொன்னாங்க."

"அது ரத்தம்மா!"

"இன்னொரு பிளஸ்ஸு சேந்தா ரத்தம் கெட்டிப்படும் போல," என்றார் மாமா. அப்பாவே சிரித்துவிட்டார். என் பேச்சு அதோடு போயிற்று.

சிரிப்பு அடங்கியதும் அப்பா கேட்டார்: "ரேங்க்கு கெடக்குது. அங்க தண்ணி ஒழுங்கா வருமா? வாத்தியாருங்க இருக்காங்களா?"

"இருக்கறவங்க நல்லா நடத்துவாங்கப்பா. சில எடத்துக்கு ஆள் போடல. தண்ணி சில நாள் லாரிலதான் வரும்."

தங்கை என்னை முறைத்தாள். போய்ப் பார்த்தால் தெரியப்போவதை எப்படி மறைப்பது? இனி இவனை நம்பிப் பயனில்லை என்று அவளே பேச ஆரம்பித்தாள்.

"அப்பா, அந்த யுனிவர்சிட்டி வெச்ச நொழைவுத் தேர்வுல நான் நாலாவது."

"முன்னாடி மூணு பேரு யாரு?"

"ஒருத்தி வளவனூர்ப்பா. தெனம் வாட்ஸப்புல பேசிக்கினு இருக்கோம். அவளும் ஹாஸ்டல்தான். ஒரே ரூம் கேக்கப் போறோம்."

"வளவனூரா? யாரு ஊட்டுப் பொண்ணு?"

"பேரு சொன்னா ஒனக்குத் தெரியாது. கரும்பு போடறாங்களாம்."

அப்பா துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார். "அவங்கப்பா நம்பர் வாங்கு. போன் போடு."

டெல்லிக்காரர்கள் சொல்லி அசையாதவர், வளவனூர்க்காரரிடம் எழுந்து நின்று பேசினார்.

"வணக்கங்க. வல்லத்தாண்ட ஊருங்க... நீங்களும் ஹாஸ்டல்லதான் உடறீங்களா?... நீங்களே கூடப் போறீங்களா? விழுப்புரத்துல ரயில் ஏறுவீங்களா? எந்தப் பொட்டின்னு மட்டும் சொல்லுங்க. நாங்க திண்டிவனத்துல அதுலயே ஏறிக்கிறோம்."

தங்கை கையிலிருந்த மல்லாட்டையைக் கீழே போட்டுவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப பஸ்ஸு?" என்றார் மாமா. யாரும் திரும்பவில்லை.

அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருப்பார்கள். அப்பா குரலைக் கொஞ்சம் உயர்த்தினார்.

"எங்களுது நாலாவது ரேங்க்குங்க. இந்தியாவுலயே."

திருத்துவதற்கு வாயைத் திறந்தேன். தங்கை கிள்ளினாள்.