நேர்த்தித் துணிக்குள் இருந்த புண்

ஆண்டுத் திவசத்துக்கு வந்து இந்த நினைவுமலரைக் கையில் வாங்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும், அக்காவின் ஒரேயொரு தம்பியின் வணக்கம். "எழுது, ஆனால் உன்ரை பகிடியளைக் குறைச்சு எழுது" என்று சொல்லித்தான் அத்தான் இந்தப் பக்கங்களை எனக்குத் தந்தார். குறைக்கப் பார்க்கிறேன். பயம் வந்தால் எனக்குப் பகிடியும் கூடவே வந்துவிடும். அக்காவைப் பற்றி எழுதும்போது இரண்டும் வருகின்றன.

அக்கா கோண்டாவிலில் பிறந்தவர். கணிதத்தில் கெட்டிக்காரி. படிப்பைப் போர் பாதியில் நிறுத்தியது. கொழும்பில் சில காலம் இருந்து, பிறகு இலண்டன் வந்து, பிளேஸ்டோவில் ஒற்றை அறையில் அத்தானுடன் குடித்தனம் தொடங்கினார். பின்னால் வந்து சேர்ந்த என்னையும் அதே அறையில் திரைச்சீலை கட்டிப் படுக்கவைத்தார். மூக்குக்கண்ணாடிக் கடையொன்றின் பின்னறையில் வில்லை தேய்க்கும் வேலை அவருக்கு. எதையும் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுவந்து பார்க்கும் பழக்கம் அங்கேதான் பிடித்தது.

சொந்த வீடு வாங்கியபோது பின்வளவில் ஒரு பழைய அப்பிள் மரம் நின்றது. "வெட்டிப்போட்டு ஒரு ஷெட் போடுவம் அக்கா" என்றேன். "முதல்லை உனக்கு ஒரு ஷெட் போடவேணும், உன்னை அதுக்குள்ளை விட்டுப் பூட்ட" என்றார். மரம் தப்பியது. அதிலிருந்து ஒட்டுக்கட்டிய கன்றுகள் உங்களில் எத்தனையோ பேரின் புதுவீட்டுக் குடிபூரலுக்கு அன்பளிப்பாக வந்தன.

உருப்பெருக்கியும் கையுமாக அக்கா அந்த மரத்தைச் சுற்றிவருவார். இலையிலும் பழத்திலும் கறுப்புப் பொட்டு விழுந்தால், கொட்டிய சருகெல்லாவற்றையும் கூட்டி அள்ளவேண்டும். அடுத்த வருடத்து நோய் அந்தச் சருகிலிருந்துதான் கிளம்பும். வட்டம் வட்டமாய்ப் பொருக்குவிட்டு அழுகும் பழத்தைக் கண்டவுடன் பிடுங்கவேண்டும். மரத்திலேயே வற்றித் தொங்கவிட்டால் மற்றப் பழங்களுக்கும் தொற்றும். தோலில் சின்னச் சின்னக் குழியாகப் பழுப்பு விழுந்தால் அது தொற்று நோயே அல்ல, பெரும்பாலும் தண்ணீர் ஒழுங்காக விடாததன் வினை. அப்படிச் சொல்லும்போது அக்கா அத்தானைப் பார்ப்பார். அத்தான் ஹோஸ் பைப்பைப் பார்ப்பார்.

நான் இலையில் ஒரு பொட்டைக் கண்டாலே, "அக்கா, மரம் போச்சு!" என்று கத்திக்கொண்டு ஓடுவேன்.

"எங்கை போனது? உதிலைதானே நிக்குது."

அக்கா கண்ட கடைசி இலையுதிர் காலத்தில், புற்றுநோய் என்று ஸ்கேன் முடிவு வந்தது. அதே கிழமை, அவருடைய படுக்கையறை ஜன்னலுக்கு நேரே நீண்டிருந்த பெரிய கிளையில் பட்டை உள்வாங்கி, வளையம் வளையமாக வெடித்திருப்பதைக் கண்டேன். அதற்கு மேலிருந்த இலைகள் கருகியிருந்தன, கருகியும் உதிரவில்லை. மழை நாட்கணக்காகப் பெய்துகொண்டிருந்தது. அந்தக் கிளை போனால் அக்காவும் போய்விடுவார் என்று என் மூளை தானாகவே முடிவுகட்டியது. ஒருவரிடமும் சொல்லவில்லை. லூயிஷாம் கோயிலுக்குப் போய் நேர்ந்து, காசை மஞ்சள் துணியில் முடிந்துகொண்டு வந்தேன். அதைச் சாமியறையில் வைப்பதுதான் நம் வழக்கம். நான் கொண்டுபோய்க் கிளையில், சரியாக அந்தப் புண்ணுக்கு மேலே, சுற்றிச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். கடவுள் தேடி அலையாமல் நேரே இடத்துக்கு வரட்டும் என்ற நினைப்பு.

துணி வாரக்கணக்காக மழையில் ஊறியது. உள்ளே அக்கா மருந்து ஏற்றிக் களைத்துப் படுத்திருந்தார். மழை விட்ட ஒரு மத்தியானம், கம்பளிச் சால்வையோடு அத்தானைப் பிடித்துக்கொண்டு பின்வளவுக்கு வந்தார்.

"மரத்துக்கு எப்பயடா காப்புக் கட்டினனீ?"

"சும்மா, குளிருக்கு."

"அவிழ்."

அவிழ்த்தேன். துணிக்கடியில் பஞ்சுபோல வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. விரலால் நசித்தேன். விரல் இரத்தம்போலச் சிவந்தது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, ஆம்புலன்ஸைக் கூப்பிடவா என்று கேட்டார். "வேண்டாம், இவர் எப்போதும் இப்படித்தான்" என்று அக்கா ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, அவரிடம் மரம் அறுக்கும் கைவாள் இரவல் கேட்டார்.

"உது பூச்சி. நசிச்சால் சிவக்கும். அது சாறு குடிக்கிற இடத்திலை கட்டிமாதிரி முண்டு வைக்கும், முண்டு வெடிக்கும், வெடிப்புக்குள்ளாலை புண் இறங்கும். நீ அதுக்கு ஈரத்தையும் கட்டி, ஒளிக்க இடமும் குடுத்திருக்கிறாய். இஞ்சை பார், புண் கிளையைச் சுத்தி வாற மாதிரி. முழுக்கச் சுத்தினால் மேலை உள்ளதெல்லாம் செத்திடும். உள்ளாலை அடிமரத்துக்கு இறங்கியிருந்தால் மரமே போம். வெட்டு."

"வெட்டினால்... உங்களுக்கு..."

"விசரா. மரம் மரம், நான் நான். என்ரை வருத்தத்தை எனக்குச் சொல்லாமல் கொண்டுபோய் மரத்திலை கட்டி வைச்சிருக்கிறாய். உன்ரை பயம் எனக்குத் தெரியும். பழுதில்லாத கட்டை வெள்ளையாத் தெரியுமட்டும் வெட்டு."

ஸ்பிரிட்டால் வாளைத் துடைத்து வெட்டினேன். வெட்டுமுகத்தின் நடுவில் பழுப்பு. இன்னும் கீழே வெட்டினேன். அங்கேயும் பழுப்பு. இனி மிச்சம் இருந்தது அடிமரத்தோடு ஒட்டிய துண்டு மட்டும். அத்தான் மறுபக்கம் திரும்பி நின்றார். அதையும் அறுத்தேன். அக்கா உருப்பெருக்கியோடு குனிந்தார்.

"வெள்ளை" என்றார். "போதும். வெட்டினதைப் பையிலை கட்டு, மரத்தடியிலை போட்டிடாதை. மிச்சப் பூச்சியைச் சவர்க்காரத் தண்ணியும் பிரஷுமாத் தேய். காசை உண்டியல்லை போடு."

மரம் தப்பியது. அது பூக்கும் முன்பே அக்கா எங்களை விட்டுப் போனார். சகுனம் பார்த்த என் மூளை அன்றோடு வாயை மூடிக்கொண்டது. கடைசி நாட்களிலும் அவர் கேட்டது, "சருகு கூட்டினனியோ?" என்றுதான்.

அக்காவைப் பராமரித்த மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், மரணத் துடக்கு நாட்களில் எங்கள் வீட்டுக்குச் சமைத்து அனுப்பிய பிளேஸ்டோ, விம்பிள்டன் உறவுகளுக்கும், இன்னும் எங்களிடமே இருக்கும் வாளுக்கு உரிய அயலவருக்கும், அத்தானின் சார்பிலும் என் சார்பிலும் நன்றி.

இனி ஒரு வேண்டுகோள். இந்தக் குளிர்காலத்தில் அதே மரத்தின் இன்னொரு கிளையில் பட்டை உள்வாங்கியிருந்தது. அதன்மேல் ஊசிமுனை அளவில் சிவப்புப் புள்ளிகள், புண்ணைப் பரப்பும் பூஞ்சணம். அக்கா இல்லாத வளவில் நான் தனியே நின்று வெட்டினேன். அக்கா தந்த மரம் வைத்திருப்பவர்கள் இன்றே போய்ப் பட்டையைத் தடவிப் பாருங்கள். புண் இருந்தால் மழையில்லாத நாளொன்றில் வெட்டுங்கள். பயம் வரும், எனக்கும் வந்தது. வெள்ளை தெரியும்வரை நிறுத்தாதீர்கள். தயவுசெய்து ஒருவரும் துணி கட்டவேண்டாம்.