அந்தோனிப்பிள்ளையின் இரண்டு சங்கிலிகள்

சென்ற திங்கட்கிழமை காலை அந்தோனிப்பிள்ளையின் மகள் கொட்டாஞ்சேனையிலிருந்து தொலைபேசியில் அழைத்தாள். "அங்கிள், அப்பா போயிட்டார்" என்று அழுதாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு தொடர்ந்தாள்: "இன்னொண்டு அங்கிள், பெட்டியைப் பிரேத வானுக்குள்ள வைச்சா ரண்டு பட்டி போட்டுக் குறுக்க கட்ட வேணுமாம். எழுதி வைச்சிருக்கிறார்." செத்தும் மனுசன் திருந்தவில்லை. அழ வேண்டிய நேரத்தில் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

உங்களில் அவரோடு வேலை செய்தவர்களுக்கு இந்த எரிச்சல் புரியும். யுத்த காலத்துக் கொழும்பில் மின்வெட்டுக்குக் குறைவில்லை. ஜெனரேற்றர் வாடகைக்கு விடும் ஒரு முதலாளியிடம் நாங்கள் இருவரும் இருந்தோம். இரத்மலானையில் களஞ்சியம். அங்கிருந்து ஜெனரேற்றரை ட்ரெயிலரில் ஏற்றி, ஜீப்பின் பின்னால் கொளுவி, கல்யாண மண்டபங்களுக்கும் கடைகளுக்கும் இழுத்துப் போவோம். நான் சாரதி, அவர் மெக்கானிக். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. பல வருடங்கள் ஒரே முன் சீட்டில் இருந்தோம், அதில் பாதி நேரம் சண்டை.

சண்டையெல்லாம் சங்கிலியால்தான். ட்ரெயிலரின் வளையத்தை ஜீப்பின் கொளுக்கியில் மாட்டி, கொளுக்கியின் வாயை மூடி, அது திறக்காதபடி ஒரு இரும்புப் பின் செருகினால் வேலை முடிந்தது என்பது உலக வழக்கம். அந்தோனிக்கு அது போதாது. கொளுக்கி கழன்றாலும் ட்ரெயிலர் போய்விடாமல் பிடிக்க இரண்டு சங்கிலிகள் வேண்டும். அவற்றை வாங்கப் புறக்கோட்டைக் கடைகளுக்குப் போனால் அன்றைய நாள் நாசம். ஒவ்வொரு கண்ணியாகத் திருப்பி, இரும்பில் அடித்த தர அடையாளத்தைத் தேடுவார். அடையாளமில்லாத சங்கிலியை மேசையில் தள்ளிவிடுவார். ஒருநாள் கடைக்கார நானா பொறுமையிழந்து, "என்ன ஐயா, பொண்ணு பாக்க வந்தீங்களா, சங்கிலி வாங்க வந்தீங்களா?" என்று கேட்டார். "பொண்ணெண்டா இவ்வளவு பாக்கமாட்டன். பிடிக்காட்டி அவளே போயிடுவாள். இது போனா ஆளைக் கொண்டெல்லோ போகும்" என்றார் அந்தோனி.

வாங்கியதோடும் முடியாது. ஒரு சங்கிலி தனியாகவே முழுப் பாரத்தையும் தாங்க வேண்டும். "பாதிப் பாதி தாங்கும் எண்டு கணக்குப் பாக்கிறவன் ரண்டையும் இழப்பான், ஐசே" என்பார். இரண்டையும் ட்ரெயிலரின் மூக்குக்குக் கீழே குறுக்காகப் போட வேண்டும், மூக்கு விழுந்தால் தொட்டிலில் விழுவதுபோல் அதில் விழ வேண்டும். வளைவில் திரும்பும் அளவுக்குத் தளர்வு இருக்கலாம், தாரில் உரசக்கூடாது. நீளமென்றால் முறுக்கிக் குறுக்கக்கூடாது. கொளுக்கியிலேயே கட்டக்கூடாது, ஜீப்பின் இரும்புச் சட்டத்தில்தான் கட்ட வேண்டும். "கொளுக்கி கழண்டா அதில கட்டின சங்கிலி ஆரைப் பிடிக்கும்?" இதையெல்லாம் நான் ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். காதில் ரத்தம் வராத குறை.

களஞ்சியத்தில் இந்தக் கூத்து நடந்தால் பொறுக்கலாம். சோதனைச் சாவடியில் நடந்தால்? அந்த நாட்களில் ட்ரெயிலரைக் கண்டால் ஆமிக்காரர் விடமாட்டார்கள். ஜீப்பையும் அதையும் கழற்றித் தனித்தனியாகச் சோதிப்பார்கள். முடிந்ததும் "யன்ன, யன்ன" என்று விரட்டுவார்கள். பின்னால் பஸ்கள் ஹோன் அடிக்கும். எல்லாச் சாரதிகளும் அவசரமாக மாட்டிக்கொண்டு பறப்பார்கள். அந்தோனி மட்டும் நடுவீதியில் குந்தியிருந்து சங்கிலியைக் குறுக்காகப் போட்டு, இழுத்து, மறுபடியும் இழுத்துப் பார்ப்பார். துவக்கு நீட்டிக்கொண்டு நிற்பவனுக்கு முன்னால் ஒரு தமிழன் செய்கிற வேலையா இது?

ஒரு பின்னேரம் வெள்ளவத்தைக் கல்யாண வீடொன்றுக்குப் போய்க்கொண்டிருந்தோம். பாலத்தடிச் சாவடியில் வழக்கம்போலக் கழற்றினார்கள். சோதித்தார்கள். அந்தோனி சங்கிலியைப் போட்டு முடித்தபோது, அடையாள அட்டையோடு வரும்படி ஒருவன் அவரைக் கூப்பிட்டான். "ஐசே, பின்னைப் போடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கொளுக்கியை மூடினேன். அந்தப் பின் என் கையில் இருந்தது. அந்த நேரம் இன்னொருவன் ஜீப்பில் அடித்து, எடு எடு என்று கத்தினான். பின்னைச் சேட்டுப் பையில் போட்டுக்கொண்டு ஓடிப்போய் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். அந்தோனியும் ஓடிவந்து ஏறினார்.

பாலத்து ஏற்றத்தில் பாதி ஏறியதும் பின்னால் ஒரு அதிர்வு. கொளுக்கி வாயைத் திறந்துவிட்டது. கண்ணாடியில் பார்த்தேன். நேர் கீழே மணல் மூட்டைக் காவலரண், அதில் ஐந்தாறு பேர். ஜெனரேற்றர் அவர்கள்மேல் உருண்டிருந்தால் அது விபத்து என்று யார் கேட்டிருப்பார்கள்? அங்கேயே எங்களைச் சுட்டிருப்பார்கள். ஆனால் அது உருளவில்லை. மூக்கு சங்கிலித் தொட்டிலில் விழுந்து, அங்கேயே தொங்கிக்கொண்டு நின்றது.

துவக்குகளோடு ஓடிவந்தார்கள். "கவுத மேக்க ஹய்கலே?" யார் இதை மாட்டியது? என் அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம், சந்தேகத்துக்கு அதுவே போதும்; அவருடையதில் கொழும்பு. "மம தமய், சேர்" என்றார் அந்தோனி. நான்தான் என்று. கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. அவரை மட்டும் கொண்டுபோனார்கள். முதலாளி ஆள்பிடித்து வெளியே எடுக்க இரண்டு நாள் ஆனது.

திரும்பி வந்தவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவசரத்தில் தானே மறந்ததாக அவர் நம்பிவிட்டார் என்று நினைத்து, வெட்கமில்லாமல் நிம்மதியடைந்தேன். அதற்குப் பிறகுதான் உண்மையான தொல்லை தொடங்கியது. புதிதாக யார் வேலைக்கு வந்தாலும் என் முன்னாலேயே வகுப்பெடுப்பார்: "நானே ஒருக்கா பின் போட மறந்தனான். மனுசன் மறப்பான், அதுக்குத்தான் சங்கிலி." உங்களில் எத்தனை பேர் அதைக் கேட்டிருப்பீர்கள்! நான் தேத்தண்ணி குடிக்கிற சாட்டில் வெளியே போய்விடுவேன்.

செத்தவீட்டில் அவருடைய மனைவி என்னைத் தனியே கூப்பிட்டார். "இனிச் சொல்லலாம்தானே. உங்கட சேட்டுப் பொக்கற்றுக்க அந்தப் பின் தெரிஞ்சதாம். ஆமி கண்டா வேணுமெண்டு கழட்டினதெண்டு உங்களைக் கொண்டுபோயிருப்பாங்களாம். அதுதான் முந்திக்கொண்டு சொன்னாராம்."

அவருக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை வருடமும் தெரிந்தே என்னோடு சங்கிலிக்குச் சண்டை பிடித்திருக்கிறார். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "நீர்தான் ஐசே" என்று திட்டியிருந்தால் நானும் மன்னிப்புக் கேட்டிருப்பேனே! அதற்கும் வழிவிடாமல் போய்விட்டார், பாழாய்ப்போன மனுசன்.

பெட்டியை வானில் ஏற்றியதும் பட்டிகள் இரண்டையும் நானே குறுக்காகப் போட்டேன். இழுத்துப் பார்த்தேன். பின்னால் யாரோ ஹோன் அடித்தார்கள். அடிக்கட்டும் என்று மறுபடியும் இழுத்துப் பார்த்தேன்.

அந்தப் பின் இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது. அவருடையதென்று என்னிடம் இருப்பது அதுவும் ஒரு பொய்யும்தான். பின்னை நான் வைத்துக்கொள்கிறேன். பொய்யை இன்றோடு திருப்பிக் கொடுக்கிறேன்: அவர் வாயால் அந்தக் கதையைக் கேட்ட எல்லோருக்கும் சொல்கிறேன், அந்தோனிப்பிள்ளை தன் வாழ்நாளில் ஒரு பின்னையும் மறந்தவரல்ல. மறந்தவன் நான்.