ஓடையில் விழுந்த ஐயர்

எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். பிராங்கிளின் ஐயர் எங்கள் ஊருக்கு வந்ததும் செய்த முதல் வேலை ஓர் அடக்கம். நல்ல மழைக்காலம். திண்டுக்கல்லில் இருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம் வந்தால் எங்கள் ஊர். எங்கள் சனத்தின் பிணத்தைப் பெரிய தெரு வழியாகக் கொண்டுபோக விடமாட்டார்கள். ஓடையில் இறங்கித்தான் கல்லறைத் தோட்டத்துக்குப் போகவேண்டும். அன்றைக்கு இடுப்பளவு தண்ணீர். ஐயர் வெள்ளை அங்கியோடு வழுக்கி விழுந்தார். கரையேறியதும் கேட்டார்: "ரோடு இருக்கும்போது ஓடையில ஏன் போறோம்?"

தெரியாமல் கேட்கவில்லை. அவர் அப்பா திண்டுக்கல்லில் தோல் பதனிடுகிற ஷெட்டில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்று வேலை பார்த்தவர். எங்கள் ஆட்கள்தான்.

அதிலிருந்து திங்கட்கிழமை என்றால் ஐயரைக் கலெக்டர் ஆபீஸில்தான் பார்க்கலாம். கடைசியில் ஓர் அதிகாரி சொல்லிவிட்டார்: "வெறும் மனுவ வச்சு நான் என்ன செய்ய ஐயரே? பஞ்சாயத்துல தீர்மானம் போட்டுக் கொண்டாங்க."

எங்கள் வார்டு மெம்பர் பெரிய தெருக்காரர். அவர் எங்கே தீர்மானம் போட? அடுத்த தேர்தலில் எங்கள் வார்டைத் தாழ்த்தப்பட்ட பெண்களுக்கு ஒதுக்கினார்கள். ஐயர் தன் சம்சாரம் ஷைனியை மனுத்தாக்கலுக்குக் கூட்டிப்போனார். போன வேகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கிறிஸ்தவராகிவிட்டால் அந்த ஒதுக்கீடு கிடையாதாம். ஊர் எங்களை நடத்துகிற விதத்தில், மதம் மாறியது எங்களுக்கே மறந்துபோயிருந்தது.

சபைக் கோயிலில் மணி அடிக்கிற மரியசெல்வம் சொன்னான்: "ஓடையில எறங்கும்போது மட்டும் ஒருத்தனும் சர்டிபிகேட் கேக்க மாட்டேங்குறான்!"

தெருவில் எல்லாரும் ஞானஸ்நானம் வாங்கியவர்கள், நான் ஒருத்தியைத் தவிர. நாற்பது வருஷமாகக் கடைசிப் பாயில் உட்கார்ந்து பாட்டுப் பாடுகிறேன். என் வீட்டுக்காரர் வேண்டாம் என்றார் என்று வாங்காமலே இருந்தேன். அவர் போனபின்தான் சம்மதித்தேன். ஐயர் நாளும் குறித்துவிட்டார், வருகிற ஞாயிறு. மனுத்தாக்கலுக்குக் கடைசி நாள் திங்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐயர் வீட்டுக்கு வந்தார். இரண்டு தடவை கடுங்காப்பி குடித்தார். மழையைப் பற்றிப் பேசினார், முருங்கை விலையைப் பற்றிப் பேசினார். வந்த விஷயத்தை மட்டும் பேசவில்லை.

"ஐயரே, ஞாயித்துக்கெழம வேணாம். தள்ளி வைங்க" என்றேன்.

"நான் அதக் கேக்கல பேச்சியம்மா."

"நீங்க எங்க கேட்டீக? நாந்தான் சொல்றேன்."

"ஜெயிச்சா அஞ்சு வருஷம் தள்ளிப்போகும். அதுக்குள்ள உங்களுக்கு ஏதாச்சும் ஆயிட்டா?"

"ஆயிட்டா, பெரிய தெரு வழியாத் தூக்கிட்டுப் போங்க. போங்க, மழ வருது."

பத்தொன்பது ஓட்டில் ஜெயித்தேன். தீர்மானம் போட வைக்க நாலு கூட்டம் ஆனது. ஐந்துக்கு நாலு என்று நிறைவேறியது.

முதலில் பெரிய தெரு வழியாகப் போனது மரியசெல்வத்தின் அம்மா. இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். டீக்கடைக்காரர் ஷட்டரை இறக்கினார். ஒரு பெரியவர் மட்டும் வாசலுக்கு வந்து, "எங்க காலத்துல இப்பிடி நடந்ததில்ல ஐயரே" என்றார்.

"உங்க காலத்துலதான்யா நடந்துக்கிட்டு இருக்கு" என்று சொல்லிவிட்டு ஐயர் பாட்டை விட்ட இடத்திலிருந்து எடுத்தார்.

வம்பு பெரிய தெருவில் இருந்து வரவில்லை, சபைக்குள் இருந்தே வந்தது. ஓட்டுக்காக ஐயர் ஒரு ஞானஸ்நானத்தை நிறுத்திவிட்டார் என்று யாரோ மேலிடத்துக்கு எழுதிப்போட்டார்கள். மூன்று பேர் விசாரிக்க வந்தார்கள்.

"நாந்தான் தள்ளி வச்சேன். அவரு ஒரு வார்த்த கேக்கல" என்றேன். அவர்கள் ஐயரைப் பார்த்தார்கள்.

"அவங்க சொல்றது நெசம். ஆனா கேக்கணும்னுதான் அன்னைக்கு அவங்க வீட்டுக்குப் போனேன்" என்றார் ஐயர்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "நான் சொன்னதோட விட்டிருக்கலாம்ல? வாய மூடிக்கிட்டு இருக்கத் தெரியலயே உங்களுக்கு!"

"தெரிஞ்சிருந்தா இன்னும் ஓடையிலதான போய்க்கிட்டிருப்போம்?" என்று சிரித்தார்.

அவரைப் பழனிப் பக்கம் ஒரு சின்ன சபைக்கு மாற்றிவிட்டார்கள். புது ஐயர் நல்லவர்தான். பதவிக்காலம் முடிந்ததும் தானே ஞானஸ்நானம் கொடுப்பதாகச் சொன்னார். பழனிக்கு நிறைய பஸ் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.